பரணுக்குப் போன கருவிகள்

நம் வீடுகளில் மாவு அரைக்கும் கிரைண்டர் வாங்கும்போது கூடவே இரண்டு உறுப்புகள் வருவதுண்டு. ஒன்று தேங்காய் துருவுவதற்கு. மற்றொன்று சப்பாத்தி மாவு பிசைவதற்கு. கடைக்காரர் கிரைண்டரை விட அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவற்றை மாட்டிப் பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் கழுவித் துடைத்து அட்டைப் பெட்டியில் வைப்பார்கள். மூன்றாவது வாரம் அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விடும். கிரைண்டர் இருபது வருஷம் உழைக்கும். தேங்காய் மட்டும் பழையபடி அரிவாள்மணையிலேயே துருவப்படும்.

இந்த விதி சமையலறைக்கு மட்டும் உரியது என்று நான் நினைத்திருந்தேன். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் கன்ஸோல் என்ற விளையாட்டுப் பெட்டியின் சரித்திரத்தைப் படிக்கப் புகுந்தபோது, அங்கேயும் ஒரு பெரிய பரண் இருப்பது தெரிந்தது. அதில் கிடப்பவை துப்பாக்கிகள், பலகைகள், கையுறைகள், கண்கள். பொத்தானை அழுத்தாமல், கையையும் காலையும் அசைத்தே விளையாடலாம் என்று சொல்லித் தனியாக விற்கப்பட்ட துணைக் கருவிகள் அவை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஆசை திரும்பத் திரும்ப முளைத்திருக்கிறது. திரும்பத் திரும்பப் பட்டுப்போயும் இருக்கிறது. அதன் காரணத்தை ஆராய்ந்தால் யந்திரத்தைப் பற்றி மட்டுமல்ல, மனித சுபாவத்தைப் பற்றியும் சில விஷயங்கள் தெரியவருகின்றன.

உலகத்தின் முதல் வீட்டு விளையாட்டுப் பெட்டி 1972-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. மாக்னவாக்ஸ் கம்பெனியாரின் ஒடிஸி என்பது அதன் பெயர். அதைக் கண்டுபிடித்த ரால்ஃப் பேர் என்ற எஞ்சினீயர், பிறந்த குழந்தையின் கையிலேயே ஒரு துப்பாக்கியையும் கொடுத்துவிட்டார். அது பெட்டியோடு வருவதல்ல. விருப்பம் உள்ளவர்கள் தனியாகப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். திரையில் தோன்றும் வெளிச்சப் புள்ளியைக் குறிபார்த்துச் சுட்டால், துப்பாக்கியின் முனையில் உள்ள கண் அந்த வெளிச்சத்தைக் கண்டுகொள்ளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் என்றால் எல்லாம் ஒன்றுதான். கூடத்தில் எரியும் பல்பைப் பார்த்துச் சுட்டாலும் 'குறி தப்பவில்லை' என்று ஒப்புக்கொள்ளும்! அர்ஜுனனுக்குக் கிளியின் கழுத்து மட்டும் தெரிந்தது. இந்தத் துப்பாக்கிக்கு ஊரில் உள்ள விளக்கெல்லாம் தெரிந்தது.

சென்னைப் பிள்ளைகளுக்கு இந்தக் குலத்தோடு பரிச்சயம் ஏற்பட்டது 1990-களில். பாரிமுனைக்குப் பக்கத்தில், பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் ஏற்பட்ட பர்மா பஜாரில், ஜப்பானியப் பெட்டிகளைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகள் கிடைத்தன. சிலவற்றோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வந்தது. பறந்து போகும் வாத்துகளைச் சுட வேண்டும். எங்கள் பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரைக்குப் போனால், பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்களை நிஜக் காற்றுத் துப்பாக்கியால் சுடலாம். வாத்து வேட்டையோ வீட்டுக்குள்ளேயே, அதுவும் மழை நாளிலும் நடந்தது. ஆனால் அந்தத் துப்பாக்கிகள் பழைய கண்ணாடிக் குழாய் டி.வி.யை நம்பி உயிர் வாழ்ந்தவை. விசையை இழுத்த கணத்தில் திரை இமைப்பொழுது கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். அந்தக் கணக்கு இம்மியும் பிசகாமல் நடக்க வேண்டும். சுவரில் மாட்டும் தட்டை டி.வி.க்கள் வந்தவுடன் கணக்குத் தவறிப்போயிற்று. துப்பாக்கிகள் பழுதாகாமலே செத்துப்போயின.

நிற்க. துப்பாக்கி குறிபார்க்கும் கருவிதான். அசைவையே விளையாட்டாக மாற்றும் கருவிகள் 1980-களின் தொடக்கத்தில் வந்தன. 1981-ல் டேட்டாசாஃப்ட் என்ற கம்பெனி 'லெ ஸ்டிக்' என்று ஒரு கைத்தடியை வெளியிட்டது. உள்ளே பாதரசம். தடியைச் சாய்த்த பக்கம் பாதரசம் ஓடி மின்சாரத்தைத் தொடுக்கும். திரையில் உள்ள உருவமும் அந்தப் பக்கம் ஓடும். அடுத்து அமிகா கம்பெனியார் 'ஜாய்போர்டு' என்ற பலகையைச் செய்தார்கள். அதன் மேல் ஏறி நின்று உடம்பைச் சாய்த்தால், திரையில் பனிச்சறுக்கு வீரன் சரிவில் இறங்குவான். பலகை அதிகமாக விலை போகவில்லை. ஆனால் அதைச் செய்த எஞ்சினீயர்கள் அதற்கு வேறு உபயோகம் கண்டுபிடித்தார்கள். அவர்கள் அப்போது ஒரு புதிய கம்ப்யூட்டரைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அது அடிக்கடி மக்கர் செய்யும். அப்போதெல்லாம் ஆத்திரப்படாமல் அந்தப் பலகையின் மேல் பத்மாசனம் போட்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து மனத்தை அடக்குவார்களாம். இதன் ஞாபகமாக, அமிகா கம்ப்யூட்டர் வெளிவந்தபோது, அது நின்றுபோகும்போது திரையில் தோன்றும் அறிவிப்புக்கே 'குரு மெடிடேஷன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அசைவதற்காகச் செய்த கருவிக்கு அசையாமல் இருப்பதில் புகழ் வந்தது!

இந்தப் பரணில் நாயகன் என்று சொல்லத் தக்கது 1989-ல் வந்த 'பவர் குளோவ்' என்ற கையுறை. அதன் பூர்வோத்தரம் ரசமானது. தாமஸ் ஸிம்மர்மன் என்ற இளைஞருக்கு, கிட்டார் இல்லாமலே காற்றில் விரலை அசைத்து கிட்டார் வாசிக்க வேண்டும் என்று ஆசை. நம் மார்கழிக் கச்சேரிகளில் மிருதங்கம் இல்லாமலே தொடையில் தனியாவர்த்தனம் வாசிக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுடைய ஜாதிதான் இவரும். ஆனால் ஸிம்மர்மன் ஆசையோடு நிற்காமல், விரல் மடங்குவதை அளக்கும் ஒரு கையுறையையே செய்துவிட்டார். பிறகு ஜாரன் லேனியர் என்பவரோடு சேர்ந்து அதைப் பெரிய ஆராய்ச்சிக் கருவியாக வளர்த்தார். ஆராய்ச்சிக்கூடங்களுக்கு விற்ற அந்தக் கையுறையின் விலை பல ஆயிரம் டாலர். பொம்மை வியாபாரிகளான மாட்டெல் கம்பெனியார் அதன் ஏழைத் தம்பியை, நின்டெண்டோ பெட்டிக்குத் துணைக் கருவியாக, நூறு டாலருக்குள் விற்க முன்வந்தார்கள்.

விலை குறைய வேண்டுமானால் எதையாவது வெட்டத்தானே வேண்டும்? ஒளியிழைகளுக்குப் பதிலாக மின்சாரம் பாயும் ஒருவித மை பூசிய பட்டைகள் வந்தன. சுண்டு விரலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, கையுறையிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலி புறப்படும், டி.வி.யைச் சுற்றி மாட்டிய மூன்று காதுகள் அதைக் கேட்டுக் கணக்குப் போடும். முன்னங்கையில் வரிசையாக எண் பொத்தான்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் எண்ணை அழுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்த வருஷம் வந்த 'தி விஸார்ட்' என்ற ஆங்கிலப் படத்தில் ஒரு பையன் அந்தக் கையுறையைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்ளும் காட்சி வருகிறது. ராஜகுமாரன் வாளை உருவுவது போல இருக்கும். லட்சக்கணக்கான பிள்ளைகள் பெற்றோரை நச்சரித்து அதை வாங்கினார்கள்.

வாங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கையுறைக்கென்றே செய்து வெளிவந்த விளையாட்டுகள் இரண்டே இரண்டு. மற்ற விளையாட்டுகளையெல்லாம் விரல் நுனியில் அழுத்தும் பொத்தானுக்காகச் செய்திருந்தார்கள். அவற்றைக் கையுறை போட்டு விளையாடுவது, பேனாவைக் கவணில் கட்டிக் கடிதம் எழுதுவது போல ஆயிற்று. தோள் வலித்ததுதான் மிச்சம்.

நாலு வருஷம் கழித்து 1993-ல் ஸேகா கம்பெனியார் 'ஆக்டிவேட்டர்' என்ற எட்டுக்கோண வளையத்தைக் கொண்டுவந்தார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த அஸ்ஸாஃப் குர்னர் என்பவர், கண்ணுக்குத் தெரியாத கதிர்களைக் கையால் மறித்து வாசிக்கும் 'ஒளி யாழ்' ஒன்றைச் செய்திருந்தார். அந்த யாழைத்தான் சண்டைக் களமாக்கினார்கள். வளையத்தைத் தரையில் வைத்து நடுவில் நிற்க வேண்டும். எட்டுப் பக்கத்திலிருந்தும் கதிர்கள் கூரையை நோக்கி எழும்பும். காலை உதைத்து ஒரு கதிரை மறித்தால் ஒரு பொத்தானை அழுத்தியதாக அர்த்தம். எதிராளி சோபாவில் சாய்ந்தபடி கட்டை விரலால் பத்துக் குத்து விடும் நேரத்தில், வளையத்தில் நிற்கும் வீரர் ஒரு காலைத் தூக்கி இறக்கியிருப்பார். நம் ஊர்க் கூடத்தில், சுழலும் மின்விசிறிக்கு அடியில் அதை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். கொஞ்ச காலத்தில் அதுவும் மறைந்தது.

இவ்வளவு புத்திசாலிகள் செய்த கருவிகள் ஏன் இப்படித் தோற்றன? யந்திரக் கோளாறு பாதிக் காரணம்தான். மறுபாதி ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, ஊரில் நூறு வீடுகளில் விளையாட்டுப் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் பத்து வீட்டார் கையுறை வாங்குகிறார்கள். விளையாட்டு தயாரிப்பவர் என்ன செய்வார்? கையுறைக்காகச் செய்தால் பத்துப் பேருக்குத்தான் விற்க முடியும். பொத்தானுக்காகச் செய்தால் நூறு பேருக்கும் விற்கலாம். பிள்ளை குட்டிக்காரர் யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் செய்வார். நல்ல விளையாட்டு வராததால் மற்ற தொண்ணூறு வீட்டாரும் கையுறையை வாங்க மாட்டார்கள். வாங்காததால் விளையாட்டு வராது. பயணிகள் இல்லை என்று பஸ் விட மறுக்கிறார்கள். பஸ் வராததால் பயணிகள் வேறு வழியாகப் போய்விடுகிறார்கள். 'வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்' என்ற இரண்டு வார்த்தைகளிலேயே அந்தக் கருவிகளின் தலையெழுத்து எழுதப்பட்டிருந்தது.

இந்த எழுத்தை அழிக்க இரண்டு வழிகள்தான் உண்டு. முதல் வழியை ஸோனி கம்பெனியார் 2003-ல் காட்டினார்கள். ரிச்சர்ட் மார்க்ஸ் என்ற விஞ்ஞானி உருவாக்கிய 'ஐடாய்' என்ற சின்னக் காமிராவை விளையாட்டோடு சேர்த்து ஒரே பெட்டியில் விற்றார்கள். டி.வி.யின் மேல் காமிராவை வைத்தால் உங்கள் உருவமே திரையில் தெரியும். கையை வீசி அழுக்கு ஜன்னலைத் துடைக்க வேண்டும் என்பது அதில் ஒரு விளையாட்டு. வேலைக்காரி செய்யும் வேலையை எஜமானர்கள் பணம் கொடுத்து வாங்கிச் செய்தார்கள்! 2008-க்குள் அது 1 கோடிக்கு மேல் விற்றது. வேறு விளையாட்டை எதிர்பார்க்காமல், தன் சோற்றைத் தானே கட்டிக்கொண்டு வந்ததால் அது பிழைத்தது.

இரண்டாவது வழி துணிச்சலானது. துணைக் கருவி என்ற பேச்சையே எடுத்துவிடுவது! 2006 நவம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட 'வீ' பெட்டியில், அசைவை உணரும் கைக்கோல்தான் முக்கியக் கருவி. பெட்டி வாங்கிய ஒவ்வொருவர் கையிலும் அது இருந்தது. பெரும்பாலான நாடுகளில் டென்னிஸ், பந்துருட்டல் முதலிய விளையாட்டுகளையும் உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். டி.வி.யின் மேல் வைக்கும் ஒரு பட்டைக்கு 'சென்ஸார் பார்' என்று பெரிய பெயர். உண்மையில் அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத விளக்குகள் எரிகின்றன, அவ்வளவுதான். உணரும் கண் கைக்கோலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டையை எடுத்துவிட்டு இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் ஆட்டம் நடக்கும். தாத்தா பாட்டிகள் எல்லாம் எழுந்து நின்று ஆடினார்கள். ஆட்டத்தின் வேகத்தில் கைக்கோல் பறந்து போகாமல் இருக்க, மணிக்கட்டில் கட்டும் கயிறுகளில் 32 லட்சத்தை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால் ஜனங்களின் உற்சாகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது.

அண்டை வீட்டில் கல்யாணச் சாப்பாடு நடந்தால் நம் வீட்டு அடுப்பு சும்மா இருக்குமா? ஸோனியும் மைக்ரோஸாஃப்ட்டும் 2010-ல் தங்கள் தங்கள் கருவிகளோடு வந்தார்கள். இரண்டும் பழையபடி துணைக் கருவிகளே. ஸோனியின் 'மூவ்' என்ற கோலின் நுனியில் ஐஸ்கிரீம் உருண்டை போல ஓர் ஒளிப்பந்து. மும்பையில் டிரைன் கேம்ஸ் என்ற கம்பெனியார் அதற்காக 'மூவ் ஸ்ட்ரீட் கிரிக்கெட்' என்ற விளையாட்டையே செய்தார்கள். தெருவில் ஆடும் கிரிக்கெட்டை, தெருவுக்குப் போகாமல், வீட்டில் கோலை மட்டையாக வீசி ஆடலாம். நம் நாட்டுக்கென்று நம் நாட்டில் செய்த விளையாட்டு என்பதால் அதைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை.

மைக்ரோஸாஃப்டின் 'கினெக்ட்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கையில் எதுவுமே வேண்டாம் என்றது. பிரைம்ஸென்ஸ் என்ற இஸ்ரேலியக் கம்பெனியின் வித்தை அது. கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளிகளைக் கூடம் முழுவதும் கோலப்புள்ளி போல இறைத்து, அவை எங்கெங்கே விலகி விழுகின்றன என்று பார்த்து, எதிரே நிற்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கணக்கிடும். பிறகு உடம்பில் இருபது மூட்டுகளைக் கண்டுபிடித்துப் பின்தொடரும். 2009-ல் அதை அறிமுகப்படுத்தியபோது, திரைக்குள்ளிருந்து ஒரு பையன் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவது போல ஒரு காட்சி காட்டினார்கள். மைலோ என்பது அவன் பெயர். கதை எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு அவன் மேல் தனி அபிமானம். நாங்கள் படைக்கும் பாத்திரங்கள் வாசகரைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அவன் பார்த்தான். ஆனால் மைலோ கடைக்கு வரவே இல்லை. கருவி மட்டும் வந்தது. 150 டாலர் விலையில், முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றுக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது.

அதில் ஒன்று எங்கள் அடுக்கு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. எதிர் வீட்டு மாமியின் பிள்ளை அமெரிக்காவிலிருந்து 2011-ல் கொண்டுவந்தான். ஒருவர் ஆட ஆறடி, இருவர் ஆட எட்டடி எதிரே காலியாக வேண்டும் என்பது அதன் விதி. பெசன்ட் நகர்க் கூடத்தில் எட்டடி காலி இடத்துக்கு எங்கே போவது? டீப்பாய் படுக்கையறைக்குப் போயிற்று. ஊஞ்சலைச் சங்கிலியோடு தூக்கிக் கட்டினார்கள். மாமாவின் சாய்வு நாற்காலி பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டது. நாலு நாள் பேரப்பிள்ளைகள் குதித்தார்கள். ஐந்தாம் நாள் மாமி என்னிடம், "குழந்தைகள் ஆடறது பாக்க நன்னாத்தான் இருக்கு சார். ஆனா தினம் யார் சார் சோபாவை நகத்தறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த விஞ்ஞானியிடமும் பதில் இல்லை. பிள்ளை ஊருக்குத் திரும்பியதும், பூப்போட்ட துணி உறை தைத்து அதன் மேல் போட்டுவிட்டார்.

உலகம் முழுவதும் ஏறக்குறைய இதே கதைதான். விருந்தினர் வந்தால் எடுத்து ஆடுவார்கள். தனியாக இருக்கும்போது பொத்தான் கருவியோடு உட்கார்ந்துவிடுவார்கள். பொழுதுபோக்கு என்பது பலருக்கு உடம்பைச் சாய்த்து இளைப்பாறும் நேரம். அந்த நேரத்தில் எழுந்து நில் என்றால் அவர்கள் கேட்கவில்லை.

மைக்ரோஸாஃப்ட் சோர்ந்துவிடவில்லை. 2013-ல் புதிய பெட்டி செய்தபோது, நின்டெண்டோவின் வழியைப் பின்பற்றி, கினெக்ட்டையும் கட்டாயமாகக் கூடவே வைத்தார்கள். அதனால் பெட்டியின் விலை 499 டாலர் ஆயிற்று. ஸோனியின் பெட்டி 399 தான். அந்த ஜூன் மாதத்தில்தான் அமெரிக்க அரசாங்கம் ஜனங்களை வேவு பார்த்த சங்கதியை ஸ்நோடன் வெளியிட்டிருந்தார். கூடத்தில் ஒரு கண் எப்போதும் விழித்திருக்க வேண்டுமா என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். இணைக்காமலும் விளையாடலாம் என்று கம்பெனி இறங்கி வந்தது. 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத பெட்டி விற்பனைக்கு வந்தது. மறுபடியும் 'வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்' என்ற பழைய வாசகம்! மூன்று வருஷம் கழித்து, 2017-ல், தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். கைக்கோல் வென்ற வழியிலேயே போய்க் கினெக்ட் தோற்றதற்குக் காரணம் இதுதான்: 'வீ' பெட்டியில் கைக்கோல் இல்லாமல் ஆட்டம் இல்லை, இங்கே கினெக்ட் இல்லாமலே எல்லாம் நடந்தது. ஜனங்கள் நூறு டாலர் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தார்கள்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். விளையாட்டுக்கு உதவாத கருவிகள் விளையாட்டுக்கு வெளியே உத்தியோகம் தேடிக்கொண்டன.

கினெக்ட் வந்த அதே மாதத்தில், அதன் கண்ணை எந்தக் கம்ப்யூட்டரிலும் பயன்படுத்த வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று நியூயார்க்கில் அடாஃப்ரூட் என்ற கம்பெனி அறிவித்தது. சில நாளில் ஸ்பெயின் இளைஞர் ஹெக்டர் மார்ட்டின் அதைச் செய்துவிட்டார். மைக்ரோஸாஃப்ட் முதலில் முகம் சுளித்தது; 2011-ல் தானே கதவைத் திறந்துவிட்டது. ஆராய்ச்சிக்கூடங்களில் பெரும் பணம் கேட்ட வித்தை 150 டாலருக்குக் கிடைக்கிறதென்றால் விடுவார்களா? டொரண்டோ நகரின் ஸன்னிபுரூக் ஆஸ்பத்திரியில், சர்ஜரி நடக்கும்போது சுத்தம் செய்த கையால் எதையும் தொடாமல், காற்றில் கையை அசைத்தே நோயாளியின் ஸ்கேன் படங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். நின்டெண்டோவின் நிற்கும் பலகை, உடம்பின் சமநிலையை ஆஸ்பத்திரிக் கருவிக்கு இணையாக அளக்கிறது என்று 2010-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள். ஸோனியின் ஒளிப்பந்துக் கோல் ஆறு வருஷம் தூங்கி, 2016-ல் கண்ணை மூடி மாட்டும் மாயத்தோற்றக் கவசத்துக்குக் கையாக மறுபிறவி எடுத்தது. பிரைம்ஸென்ஸை ஆப்பிள் கம்பெனி 2013-ல் வாங்கிக்கொண்டது. 2017 முதல் அவர்களுடைய டெலிபோன், புள்ளிகளை இறைத்து எஜமானரின் முகத்தை அடையாளம் கண்டு கதவைத் திறக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது நம் நாட்டுச் சம்பவம். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் உள்ளவர்கள் 2010-களில் கினெக்ட்டின் முன்னால் பரதநாட்டியம் ஆடச் சொன்னார்கள். அடவுகளைப் பதிவு செய்து, நிலைகளையும் அவை வரும் வரிசையையும் சொல்லுக்கட்டின் தாளத்தோடு பொருத்தி, இது இன்ன அடவு என்று யந்திரமே சொல்லும்படி பழக்கினார்கள். இதைப் படித்தபோது என் நினைவு திருவான்மியூர்ப் பக்கம் போயிற்று. எங்கள் பேட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் இருக்கிறது. அங்கே தட்டுக்கழியின் ஓசைக்கு அரைமண்டியில் உட்கார்ந்து எத்தனையோ தலைமுறைப் பெண்கள் அதே அடவுகளைப் பயின்றிருக்கிறார்கள். அவர்களுடைய குருவின் கண்ணுக்கு முழங்கால் ஓர் அங்குலம் உயர்ந்தாலும் தெரியும். யந்திரத்தின் கண்ணுக்கு இருபது மூட்டுகள் தெரிந்தன. ஆனால் முதல் கினெக்ட்டின் அந்தக் கணக்கில் கை முழுவதுக்கும் ஒரே ஒரு புள்ளிதான், விரல்களுக்கு இடமில்லை. பதாகமும் கடகாமுகமும் அதற்கு ஒன்றே. விழியசைவும் அப்படியே. தாமரை மலர்வதும் தோழியிடம் கோபிப்பதும் எல்லாம் நாட்டியத்தில் விரலிலும் விழியிலும் அல்லவா நடக்கின்றன?

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பாதரசத் தடியிலிருந்து கினெக்ட் வரையில் ஒவ்வொரு கருவியும் மனிதனின் அசைவில் ஒரு சிறு பகுதியைப் படித்துக்கொண்டது. முதலில் சாய்வு, பிறகு மடங்கும் விரல், பிறகு மூட்டுகள். படித்த பாடம் வீணாகவில்லை. இன்று விளையாட்டுப் பெட்டிகளோடு வரும் சாதாரணக் கன்ட்ரோலர்கள் பலவற்றிலும், நம் சட்டைப் பையில் உள்ள டெலிபோனிலும், அசைவை உணரும் பொறி ஓசைப்படாமல் உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதைத் தனியாக வாங்குவதில்லை. ஆகவே யாரும் அதைப் பரணில் போடுவதுமில்லை.

புதுமை ஒன்று தனியாக நின்று தன்னை விலைக்குக் கூவும்போது ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், சிலர் வாங்குகிறார்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். அது தன் பெயரை இழந்து, ஏற்கெனவே கையில் இருக்கும் பொருளுக்குள் கரைந்த பிறகே வீட்டு மனிதர்களில் ஒருவராகிறது. தோற்றுப்போன அந்தக் கையுறைகளும் வளையங்களும் பலகைகளும் இல்லாவிட்டால் அந்தக் கரைதல் இவ்வளவு சுலபமாக நடந்திராது. பரணில் கிடப்பவற்றுக்கும் வம்சம் உண்டு.